கண்ணை மூடினா இன்னும் படபடக்குதே, என்ன செய்ய?

போன மாசம் மூச்சுப் பயிற்சி பத்தி நாலு வரி எழுதுனதுக்கு இவ்வளவு கடிதம் வரும்னு நான் நெனைக்கல. பாம்பன்லேருந்து தொண்டி வரைக்கும், இந்தப் பக்கம் சாயல்குடி வரைக்கும் எழுதியிருக்கீங்க, வாட்ஸ்அப்ல குரல் பதிவாவும் வந்துச்சு. பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், உள்ளுக்குள்ள ஒரு படபடப்பு, மனசு ஒரு நெலையில நிக்கல, யோகா தியானம் பண்ணா போகுமா போகாதா. ஊர் மட்டும் போட்டு, பேரை எடுத்துட்டு, அஞ்சு கடிதத்துக்கு இங்க பதில் சொல்றேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயசு, தங்கச்சிமடம். வீட்டுக்காரவுக விசைப்படகுல போறாக. போட் கெளம்பிட்டா அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் கெடையாது, சிலோன் நேவி பிடிச்சிட்டானோ, வலைய அறுத்துட்டானோ, இஞ்சின் நின்னு போச்சோன்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கும், நெஞ்சு திக்குதிக்குனு அடிக்கும். யூடியூப் பாத்து ஒரு மாசமா தியானம் பண்றேன், கண்ணை மூடி உக்காந்தா இருக்கிறதவிட ரெண்டு மடங்காகுது. மீன்பிடித் தடைக்காலத்துல அவுக பக்கத்துலதான் படுத்திருந்தாக, அப்பவும் ராத்திரி ரெண்டு மணிக்கு டக்குனு முழிப்பு வந்து நெஞ்சு அடிச்சுச்சு. எனக்குத் தியானம் சரிப்படாதா, இல்ல நான்தான் தப்பா பண்றேனா?

பதில்: நீ எதையும் தப்பா பண்ணல தங்கச்சி. அதை முதல்ல மனசுல வச்சுக்க.

உன் கடிதத்துல நான் ரெண்டு மூணு தடவ திரும்பத் திரும்பப் படிச்சது அந்தத் தடைக்கால விஷயத்தைத்தான். ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் போட் கரையிலதான் கெடக்குது, மனுஷன் பக்கத்துல குறட்டை விட்டுத் தூங்குறாரு, பயப்பட ஒண்ணுமே இல்ல, ஆனா ரெண்டு மணிக்கு நெஞ்சு அடிக்குது. அப்ப உன்கிட்ட ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, நெசமான பயம், அதுக்குக் காரணம் கடல்ல இருக்கு. இன்னொண்ணு, இத்தனை வருஷமா ராத்திரி காவல் இருந்து இருந்து உன் உடம்பு பழகிக்கிட்ட முழிப்பு. ரெண்டையும் ஒண்ணா போட்டுக் குழப்பிக்கிறதாலதான் தியானம் உனக்கு வேலை செய்யல.

நெசமான பயத்துக்கு மூச்சுப் பயிற்சி மருந்து கெடையாது. நல்லதையே நெனைன்னு உன்கிட்ட சொல்ற தைரியம் எனக்கு இல்ல, ஏன்னா பிடிச்சுட்டுப் போறது நடக்குது, போட் திரும்பாம இருக்கிறது நடக்குது, நம்ம கரையில அப்படி ஒரு வீடு இல்லாத தெரு எது? அதனால அந்தப் பயத்துக்கு உண்டான வேலையப் பகல்லயே பாத்துடு. போட் ஓனர் நம்பர், கூடப் போற ரெண்டு மூணு போட்காரவுக வீட்டு நம்பர், சங்கத்துல யாருகிட்ட கேக்கணும்ங்கிறது, இத்தனையும் ஒரு நோட்டுல எழுதி சாமி படத்துக்குப் பக்கத்துல வை. ராத்திரி எத்தனை மணிக்கு ஒரு தடவ விசாரிக்கிறதுன்னு முடிவு பண்ணிக்க, அந்த நேரத்துல ஒரே ஒரு தடவ கேளு. அதுக்கு மேல உன் கையில எதுவும் இல்ல, அதுக்கு மேல மிச்சம் இருக்கிறது உடம்புல இருக்கிற படபடப்பு மட்டும்தான், அங்கதான் யோகாவுக்கு வேலை.

இப்ப கண்ணை மூடுற விஷயம். காவலுக்கு உக்காந்திருக்கிற ஆள்கிட்ட போய் கண்ணை மூடுன்னா மூடுவானா? இன்னும் முழிச்சுக்கத்தான் செய்வான். உன் உடம்பு அந்த நெலையிலதான் இருக்கு. யோக சூத்திரம் எழுதுன பதஞ்சலி நம்ம ராமேஸ்வரத்துலதான் ஜீவசமாதி ஆனாருன்னு சொல்லுவாக, அவரு சொன்ன யோகத்துக்கு அங்கம் எட்டு, அதுல ஆசனம் மூணாவது, மூச்சு நாலாவது, தியானம் ஏழாவது. நாம என்ன பண்றோம், போனைத் திறந்து முதல் நாளே ஏழாவது படியில காலை வைக்கிறோம், வழுக்குதேன்னு நம்மளயே திட்டிக்கிறோம். மனசு சிதறும்போது கூடவே உடம்பு நடுங்கும், மூச்சு தாறுமாறா போகும்னும் அவரே எழுதி வச்சிருக்காரு. அதாவது இது ஏதோ உனக்கு மட்டும் வந்த குறை இல்ல, அந்தக் காலத்துலயே ஆளுகளைப் பாத்துத்தான் எழுதியிருக்காரு.

அதனால கீழேருந்து ஆரம்பி. போட் போன ராத்திரி, படுக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, உடம்பை நல்லா அசைச்சு வேலை வாங்கு. சூரிய நமஸ்காரம் தெரிஞ்சா மெதுவா ஆறு சுத்து, தெரியலன்னா ஒண்ணும் இல்ல, கையை வீசி வீட்டுக்குள்ளேயே பத்து நிமிஷம் நட, சுவத்துல முதுகைச் சாச்சு நாற்காலியில உக்காருற மாதிரி பாதி இறங்கி நில்லு, தொடை நடுங்குற வரைக்கும் நிக்கலாம். உள்ள தேங்கி நிக்கிறது கொஞ்சம் செலவாகட்டும். அப்புறம் பாயை சுவரு ஓரமா போட்டு, மல்லாக்கப் படுத்து, ரெண்டு காலையும் சுவத்துமேல தூக்கி வச்சு அஞ்சு நிமிஷம் கெட.

அதுக்கு அப்புறம்தான் உக்காரணும். முதுகு சுவத்துல பட்டுக்கிட்டு இருக்கட்டும், முகம் வாசக்கதவைப் பாத்து இருக்கட்டும், கண்ணு தொறந்தே இருக்கட்டும், நைட் லாம்ப் வெளிச்சத்துல தரையில ஏதாவது ஒரு இடத்தைப் பாத்தாப் போதும். இடது கை மணிக்கட்டுல, கட்டைவிரல் பக்கம், வலது கை மூணு விரலை லேசா வை, நாடி தட்டுப்படும். துடிப்பை எண்ணாத, எண்ண ஆரம்பிச்சா கணக்குதான் பயமாகும். மூச்சை உள்ள இழுக்கும்போது அந்தத் துடிப்பு கொஞ்சம் நெருக்கி நெருக்கி வரும், வெளிய விடும்போது கொஞ்சம் தள்ளித் தள்ளி வரும். எல்லாருக்கும் சட்டுனு தெரியாது, ஆனா உன் வயசுல பெரும்பாலும் தெரியும். மூளையிலேருந்து நெஞ்சு வழியா வயிறு வரைக்கும் வேகஸ்னு ஒரு நரம்பு இறங்குது, மூச்சு வெளிய போகும்போது அது இதயத்தைப் பிடிச்சு நிதானப்படுத்துது, அதான் விஷயம். வெளிய விடுறதைக் கொஞ்சம் நீட்டுனா, நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டா, அந்த நிதானம் நீண்டுக்கிட்டே வரும். இதை உன் விரல்லயே நீ பாத்துட்டேன்னு வை, யாரு சொல்லியும் நம்ப வேண்டியதில்ல.

அப்புறம் மெதுவாத் தேடு, இந்தப் படபடப்பு உடம்புல எங்க இருக்குன்னு. தொண்டையிலயா, நெஞ்சுக்குழியிலயா, வயித்துலயா. கனமா இருக்கா, சூடா இருக்கா, ஒரே இடத்துல நிக்குதா நகருதா. நீ நண்டு வலையில உக்காந்திருப்ப, உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, நண்டு நூல்ல சிக்கிக் கிடக்கும்போது வெடுக்குனு இழுத்தா என்ன ஆகும்? கால் ஒடியும், இல்லன்னா வலை கிழியும், நண்டு இன்னும் இறுக்கிக் கவ்வும். கைப்பழக்கம் உள்ளவுக என்ன பண்ணுவாக, மடியில வச்சு, நூலைக் கொஞ்சம் தளர விட்டு, எந்தக் கால் எந்தக் கண்ணியில மாட்டியிருக்குன்னு பாத்து, ஒவ்வொண்ணா எடுத்து விடுவாக. அதே கைதான் இங்கயும். போ போன்னு விரட்டாத, ஏன் வந்தன்னு கேக்காத, எங்க மாட்டியிருக்குன்னு மட்டும் பாரு. மூணு நிமிஷம் போதும். பாக்க முடியாம கூடுதலா ஏறுச்சுன்னா எந்திரிச்சுரு, முகத்தைக் கழுவு, பக்கத்து வீட்டுல முழிச்சிருந்தா போய்ப் பேசு, அது தோல்வி இல்ல.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, எனக்கு இது நடந்திருக்கு. எங்க அப்பா தவறுன வருஷம் ஒரு தியான முகாமுக்குப் போனேன், மூணாவது நாளே உடம்பெல்லாம் நடுங்குது, அழுகையா வருது, எந்திரிக்கிறேன்னு சொன்னதுக்கு அங்க இருந்தவரு உக்காரு, அதையும் தாண்டணும்னாரு. உக்காந்தேன். வீட்டுக்கு வந்து ரெண்டு மாசம் இருட்டைப் பாத்தாலே பயம். அன்னிக்கு ஒருத்தராவது எந்திரிச்சு வெளிய வந்து நட தாயின்னு சொல்லியிருந்தா போதும், அதனால உனக்கு நான் சொல்றேன்.

இன்னொண்ணு, ஒரு தடவ ஆஸ்பத்திரியில காட்டி ரத்த சோகை, தைராய்டு ரெண்டும் பாத்துடு. அது ரெண்டுமே இதே மாதிரி நெஞ்சடிக்க வைக்கும். இருந்தா மாத்திரையில சரியாகிற விஷயத்துக்கு நீ ராத்திரி முழுக்க உக்காந்துகிட்டு இருக்க வேண்டாம்.

எண்ணம் நிக்க மாட்டேங்குதேன்னும் கடைசியில எழுதியிருந்த. மதயானையக்கூட நடத்திரலாம், புலி வாயைக்கூட கட்டிரலாம், மனசை அடக்கிச் சும்மா இருக்கிறதுதான் கஷ்டம்னு பாடுனவரு தாயுமானவரு, அவரு சமாதி நம்ம ராமநாதபுரத்துலதான் இருக்கு. அவருக்கே கஷ்டம்னா ஒரு மாசத்துல நமக்கு வந்துருமா. எண்ணம் ஓடட்டும், நீ விரல்ல நாடியப் பிடிச்சுக்கிட்டு உக்காரு.

கேள்வி: டீச்சர் வணக்கம், சாயல்குடி பக்கம், நீட் ரிப்பீட்டர். மாக் டெஸ்ட்ல பேப்பரைக் கையில வாங்குனதும் கை நடுங்குது, முதல் இருபது நிமிஷம் படிச்சது எதுவும் ஞாபகத்துக்கு வரல. ரீல்ஸ்ல கபாலபாதி பண்ணா டென்ஷன் போகும்னு பாத்து ஹாலுக்கு வெளிய நின்னு வேகமா பண்ணேன், தலை சுத்தி விரலெல்லாம் மரத்துப் போச்சு. வேற ஏதாவது பவர்ஃபுல்லா சொல்லுங்க.

பதில்: தம்பி, பவர்ஃபுல்லா எதுவும் வேணாம், ஏற்கெனவே உள்ள பவர் ஜாஸ்தியா இருக்கு. கபாலபாதி, அதாவது மூச்சை வெளிய ஊதித் தள்ளுறது, நல்ல பயிற்சிதான், ஆனா அது உசுப்பி விடுற பயிற்சி, விடியக்காலைல வெறும் வயித்துல, தெரிஞ்சவங்க பக்கத்துல இருந்து சொல்லிக் கொடுக்க, மெதுவாப் பண்ண வேண்டியது. பதட்டத்துல நின்னுக்கிட்டு வேக வேகமா ஊதித் தள்ளுனா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சு போகும், மூளைக்குப் போற ரத்தக் குழாய் சுருங்கும், தலை சுத்தும், விரல் மரக்கும். நீ பயாலஜி படிக்கிற பையன், உனக்கு இது புரியும்.

பேப்பர் கைக்கு வர்றதுக்கு முன்னாடி ரெண்டு பாதத்தையும் தரையில நல்லா அழுத்து. பெஞ்சுக்கு அடியில ரெண்டு உள்ளங்கையையும் ஒண்ணோட ஒண்ணு வச்சு பத்து எண்ணுற வரைக்கும் பலமா அமுக்கு, அப்புறம் விடு, மூணு தடவ. நடுங்குற கைக்கு ஒரு வேலை கொடுத்தா நடுக்கம் குறையும். அதோட மேல தங்கச்சிக்குச் சொன்ன நாலு இழுத்து ஆறு விடுற மூச்சு, அஞ்சு சுத்து, கண்ணை மூட வேண்டாம். முதல் கேள்வியிலேயே விழுந்து எந்திரிக்காம, பேப்பரைப் புரட்டி உனக்குக் கண்ணை மூடிக்கிட்டு வர்ற நாலு கேள்வியப் போட்டுட்டு வா. இத்தனையும் பரீட்சை அன்னிக்கு மொத மொதலா பண்ணா வேலைக்கு ஆகாது, வர்ற ஒவ்வொரு மாக் டெஸ்டுலயும் பண்ணிப் பழகு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படிக்கிறதா எழுதியிருந்த, அதைக் குறை. தூக்கம் இல்லாதவனுக்கு எந்த பிராணாயாமமும் கை கொடுக்காது.

கேள்வி: அம்மா, நான் ராமேஸ்வரம். 64 புயல் அடிச்சப்ப தனுஷ்கோடியில எனக்கு எட்டு வயசு. இப்பவும் கார்த்திகை மார்கழியில வாடைக்காத்து ஓலையில ஊளையிட ஆரம்பிச்சா கை காலெல்லாம் ஆடுது, வீட்டுக்குள்ள உக்கார முடியல, வாசலுக்கும் உள்ளுக்குமா நடக்குறேன். பேரன் தியானம் பண்ணச் சொல்றான். இந்த வயசுல அதெல்லாம் வருமா?

பதில்: அய்யா, உங்க கடிதத்தைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் என்னால அடுத்த கடிதத்துக்குப் போக முடியல. 1964 டிசம்பர் 22 ராத்திரிய நாங்க கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டவங்க, புயல் அடிச்சுட்டுப் போன அந்த ரயிலு, ஊருக்குள்ள ஏறுன அந்தத் தண்ணி, அத்தனையும் எங்களுக்குப் பெரியவங்க சொன்ன கதை. உங்களுக்கு அது காதுக்குள்ள இருக்கு. எட்டு வயசுப் பையன் கேட்ட சத்தம், அதே சத்தம் திரும்ப வந்தா உடம்பு அதே ராத்திரின்னுதான் நெனைக்கும், வயசு எத்தனை ஆனா என்ன. இதை நீங்க பலவீனம்னு நெனைக்காதீங்க.

பேரன் பாசத்துல சொல்றாரு, ஆனா காத்து அடிக்கிற நேரத்துல கண்ணை மூடி உக்காராதீங்க. கண்ணை மூடுனா உங்களுக்கு மிச்சம் இருக்கிறது அந்தச் சத்தம் மட்டும்தான். நீங்க நடக்கிறது சரி, நடங்க. நடக்கும்போது கையால வீட்டுச் சுவரைத் தொட்டுக்கிட்டே நடங்க. வாய் விட்டுச் சொல்லுங்க, இது காரை வீடு, இது என் பேரன் செருப்பு, இது டிவி, நான் ராமேஸ்வரத்துல இருக்கேன், இன்னிக்கு இந்தத் தேதின்னு. பைத்தியக்காரத்தனமாத் தோணலாம், ஆனா நீங்க எங்க இருக்கீங்க, எந்த வருஷத்துல இருக்கீங்கன்னு உடம்புக்கு நீங்கதான் சொல்லியாகணும். தனியா மட்டும் இருக்காதீங்க, பேரனைத் தியானம் சொல்லிக் கொடுக்க வேண்டாம், பக்கத்துல வந்து உக்காரச் சொல்லுங்க.

யோகாவை இப்பவே, காத்து இல்லாத நாள்ல பழகுங்க. நாற்காலியில உக்காந்து, மூச்சை இழுத்துட்டு, வாயை மூடிக்கிட்டு ம்ம்ம்னு வண்டு மாதிரி சத்தம் விட்டுக்கிட்டே வெளிய விடுங்க, பிராமரின்னு பேரு. காதைப் பொத்த வேண்டாம். அந்த அதிர்வு பல்லுல, மூக்குத்தண்டுல, மண்டையில தெரியும், வெளிச்சத்தம் கொஞ்சம் பின்னாடி போகும். தினம் ஏழெட்டுத் தடவ. வாடை தொடங்குறதுக்குள்ள இது பழக்கமாயிருச்சுன்னா அன்னிக்குக் கை கொடுக்கும். உங்களுக்குப் பழக்கமான பாட்டு ஏதாவது இருந்தா அதை முனகுனாலும் சரிதான், அதுவும் நீண்ட மூச்சுதான்.

அதோட, இந்த மாதிரி பழைய பயத்துக்கு நல்ல சிகிச்சை இருக்கு அய்யா. ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவுல ஒரு நாள் போய்ப் பேசுங்க, பேரனையும் கூட்டிட்டுப் போங்க. இத்தனை வருஷம் சுமந்ததை இனியும் சுமந்துதான் ஆகணும்னு கட்டாயம் இல்ல.

கேள்வி: பெரியபட்டினம். என் தம்பிக்கு மூணு வருஷமா யாரோ காதுல பேசுற மாதிரி கேக்குது, மாத்திரையில ஓரளவு நல்லா இருக்கான். மாத்திரைய நிறுத்திட்டுப் பத்து நாள் மௌன தியானத்துக்கு அனுப்பு, மனசு சுத்தமாகும்னு சொந்தக்காரவுக சொல்றாக. அனுப்பலாமா?

பதில்: அனுப்பாத. மாத்திரையையும் நிறுத்தாத. இந்த நோய் இருக்கிறவுகளுக்கு மணிக்கணக்கா தனியா மௌனமா உக்காருறது நோயைக் கிளறி விட்டுரும். குரல் கேக்குற பிள்ளைய எதுவும் பேசாம பத்து நாள் அந்தக் குரல் கூடவே உக்கார வைக்கிறது எப்படிம்மா நல்லதாகும்?

நம்ம ஏர்வாடியில, மனநலம் சரியில்லாதவுகளை வச்சிருந்த காப்பகத்துல, 2001 ஆகஸ்ட் 6ல என்ன நடந்துச்சு, சங்கிலியில கட்டிப் போட்ட 28 பேரு தீயில போனாங்க. சிகிச்சை கெடைக்க வேண்டியவுகளை வேற எங்கயோ கொண்டு போய் விட்டதுக்கு நம்ம மாவட்டம் கொடுத்த விலை அது, நாம மறக்கவே கூடாது. துவா கேளு, நேர்த்தி வை, அதை நான் ஒரு நாளும் வேண்டாம்னு சொல்ல மாட்டேன், ஆனா மாத்திரையோட சேத்து. அளவைக் குறைக்கிறதா இருந்தா டாக்டர்தான் குறைக்கணும். அவசரம்னா 14416க்கு அடி, டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி எண், எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், 104லயும் கேக்கலாம். தம்பியச் சாயங்காலம் கடற்கரையில கூட்டிட்டு நடக்க விடு, லேசா உடம்பை வளைச்சு நிமித்துற ஆசனம் டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டுப் பண்ணலாம். உனக்கும்தான் சொல்றேன், மூணு வருஷமா நீயும் தூங்கியிருக்க மாட்ட, அந்த நாலு ஆறு மூச்சை நீயும் பண்ணு.

கேள்வி: லாத்தா, நான் கீழக்கரை. மாப்பிள்ளை சவூதியில, பிள்ளைகளோட தனியா இருக்கேன், அடிக்கடி மனசு அல்லாடுது. யோகா வகுப்புக்கு வரலாம்னு ஆசை, ஆனா மந்திரம் சொல்லணும், சூரியனைக் கும்பிடணும்னு சொல்றாங்க, அது எனக்கு ஆகாது. வெறும் மூச்சு மட்டும் பழகலாமா? நோன்புல பண்ணலாமா?

பதில்: தாராளமா பழகலாம்மா. என் வகுப்புல மந்திரம் யாருக்கும் கட்டாயம் இல்ல, மூச்சுக்கு மந்திரம் தேவையும் இல்ல. மார்க்க விஷயத்துல தீர்ப்பு சொல்ற ஆள் நான் இல்ல, சந்தேகம் இருந்தா உங்க ஆலிமாகிட்ட கேட்டுக்கிட்டு மனசு ஒப்புனா மட்டும் வா. சூரிய நமஸ்காரத்துக்குப் பதிலா கை கால் நீட்டி மடக்குற பயிற்சி எத்தனையோ இருக்கு. விடியக்காலை சுபுஹு தொழுதுட்டு அதே விரிப்புல அப்படியே பத்து நிமிஷம் உக்காந்து மூச்சைப் பாத்தாக்கூடப் போதும், அந்த நேரத்துல வீடும் அமைதியா இருக்கும், பிள்ளைகளும் எந்திரிச்சிருக்காது.

நோன்பு மாசத்துல வேகமா ஊதுறது, மூச்சை அடக்குறது ரெண்டும் வேணாம், தண்ணி குடிக்காம இருக்கிறப்ப மயக்கம் வரும். மெதுவா நாலு ஆறு மட்டும், அதையும் சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் சாஞ்சு உக்காந்து பண்ணு. ஸஹர் சாப்பாட்டுக்கு முன்னாடி எந்திரிச்சுப் பண்ணலாமான்னு கேட்டிருந்த, வேணாம்மா, அந்த நேரம் தூங்கு.